காவா இஜென் எரிமலை வாய்க்கு இரவில் ஏறிச் செல்வது எப்படி?

இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் கிழக்குக் கோடியில், பன்யுவாங்கி, பொண்டோவோசோ ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையில் அமைந்துள்ள காவா இஜென், நடந்தே சென்று வாய்க்குள்ளும் இறங்கிப் பார்க்கக்கூடிய ஓர் எரிமலை. அதன் வாயினுள் ஓர் அமில ஏரியும், தொழிலாளர்கள் கந்தகம் வெட்டியெடுக்கும் சுரங்கமும், கந்தக வாயு எரிவதால் இருட்டில் தெரியும் நீல நெருப்பும் உள்ளன. பல்டுடிங் என்னும் அடிவார முகாம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் ஏறினால், ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் எரிமலை வாயின் விளிம்பு வந்துவிடும். பாதை அகலமானது, கயிறோ மலையேற்றப் பயிற்சியோ தேவையில்லை, நாள்தோறும் நடக்கும் பழக்கமுள்ள எவரும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆகவே இந்த மலையில் கால் வலிமையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மூச்சுக்கும் நேரக் கணக்குக்கும்தான் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். பாதி வழியில் திரும்புவோரும், போய்ச் சேர்ந்தும் எதையும் பார்க்காமல் வருவோரும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டை விட்டவர்களாகவே இருப்பார்கள்.

காலமும் அனுமதியும்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீளும் உலர்காலமே ஏற்றது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும். எரிமலை வாயினுள் இறங்கும் கற்பாதை வழுக்கும். மேகம் மூடிவிட்டால் விளிம்பில் நின்றும் ஏரியைக் காண முடியாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் என்றாலும் கூட்டமும் அப்போதுதான் மிகுதி.

புறப்படும் முன் இரண்டு செய்திகளைக் கட்டாயம் விசாரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, எரிமலையின் எச்சரிக்கை நிலை. இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் நார்மல், வாஸ்படா, சியாகா, ஆவாஸ் என்று நான்கு நிலைகளை அறிவித்து, அவ்வப்போது மாற்றியும் வருகிறது. முதல் நிலையான நார்மலில் இருந்து இஜென் உயர்த்தப்பட்டால், வாய்க்குள் இறங்குவது தடை செய்யப்படலாம், அல்லது மலையே மூடப்படலாம். இதை வெறும் சடங்காக எண்ணிவிடக் கூடாது. இங்கே அஞ்ச வேண்டியது எரிகுழம்பை அல்ல. ஏரியின் அடியிலுள்ள நீர் திடீரென ஆவியாகி வெடிப்பதைத்தான். புதிய குழம்பு மேலெழாமலேயே இது நிகழக்கூடும் என்பதால் முன்னறிகுறிகள் குறைவு. 1817-இல் இவ்வாறு நேர்ந்த பெரிய வெடிப்பு ஏரி நீரையும் சேற்றையும் வெளியே தள்ளியது. 2018 மார்ச்சில் வெடிப்பு ஏதும் பெரிதாக இல்லாமலேயே பெருகி வந்த வாயுவால் அருகில் வசித்த மக்கள் பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இரண்டாவது, நுழைவு விதிகள். சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கானதைவிடப் பல மடங்கு. அண்மைக் காலமாக உடற்தகுதிச் சான்றும் கேட்கிறார்கள். பன்யுவாங்கியில் இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் பார்த்துச் சில நிமிடங்களில் சான்று எழுதித் தருவார்கள் என்பதால், பலர் இதை மற்றொரு சீட்டு போலவே வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர் அப்படிச் செய்யக் கூடாது. எரிமலை வாயிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு வாயு மிகச் சிறிய அளவிலேயே ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். அவர்களும் இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் வாய்க்குள் இறங்குவதைத் தவிர்ப்பதே சரி; காற்று வசதியாக வீசினால் விளிம்புவரை சென்று ஏரியைப் பார்த்துத் திரும்பலாம்.

சென்று சேர்தல்

சுரபாயாவிலிருந்து பன்யுவாங்கிக்கு ரயில் இருக்கிறது. பாலித் தீவிலிருந்து வருவோர் கிலிமானுக் துறைமுகத்தில் படகேறிச் சுமார் ஒரு மணி நேரத்தில் ஜாவாவின் கேதாபாங் துறைமுகத்தில் இறங்கலாம். படகுகள் இரவு பகலாக ஓடுகின்றன. மார்ச் மாதத்தை ஒட்டி வரும் பாலி இந்துக்களின் ‘நியெப்பி’ நாளில் மட்டும் தீவே வாய்மூடி அடங்கியிருக்கும். அன்று துறைமுகமும் இயங்காது. பன்யுவாங்கியிலிருந்து லிசின் வழியாகப் பல்டுடிங்குக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இது செங்குத்தான சாலை என்பதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வாடகை இருசக்கர வாகனத்தில் போக நினைப்பவர் முன்னதாக பிரேக்கைச் சோதித்துக்கொள்வது நல்லது. பொண்டோவோசோ பக்கத்துச் சாலை நீளமானது என்றாலும், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள பழைய எரிமலைப் பெருங்குழியின் தளத்தில், டச்சுக்காரர் காலத்திலிருந்து இருந்துவரும் காப்பித் தோட்டங்களின் ஊடே செல்கிறது. பகலில் அந்தப் பக்கம் இறங்குவது கண்ணுக்கு விருந்து.

பாலியும் ஜாவாவும் வெவ்வேறு நேர மண்டலங்களில் உள்ளன. பாலி ஒரு மணி நேரம் முந்தியது. கைப்பேசி பாலிக் கோபுரத்தின் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டால், ஜாவாக் கரையிலும் பாலி நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். வண்டிக்காரரிடம் நேரம் குறிக்கும்போது ‘ஜாவா நேரமா, பாலி நேரமா’ என்று கேட்டுவிடுங்கள்.

பாலியின் தெற்கிலிருந்து மாலையில் கிளம்பி, இரவெல்லாம் பயணித்து, மலையேறி, மறுநாள் பகலிலேயே திரும்பும் ஒரே இரவுச் சுற்றுலாக்கள் ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூக்கமில்லாத உடலோடு இருட்டில் கற்பாதையில் இறங்குவது ஒருபுறமிருக்க, திரும்பும் வழியில் தூக்கத்தோடு போராடும் ஓட்டுநரின் வண்டியில் அமர்ந்திருப்பது எரிமலையைவிட ஆபத்தானது. முந்தைய நாள் நண்பகலிலேயே பன்யுவாங்கிக்கோ லிசினுக்கோ வந்து, மாலை ஆறு மணிக்கே படுத்துவிடுவதுதான் நிம்மதி.

முகமூடி

கொண்டு செல்லும் பொருள்களில் கவனத்துக்குரியது இது ஒன்றுதான். மற்றவற்றில் சிறு குறை இருந்தாலும் சமாளித்துவிடலாம். தொற்றுநோய்க் காலத்தில் நாம் அணிந்து பழகிய துணி முகக்கவசமும் என்95 வகையும் துகள்களைத்தான் தடுக்கும்; வாயு அவற்றின் வழியே தாராளமாக உள்ளே வரும். வேண்டியது, மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் அல்லது சிலிக்கோன் முகமூடியும், அதில் திருகிப் பொருத்தும் அமில வாயு வடிகட்டிகளும். ஐரோப்பிய முறைப்படி குறியிடப்பட்ட வடிகட்டிகளில் மஞ்சள் பட்டையுள்ள ‘இ’ வகை கந்தக டை ஆக்சைடையும், சாம்பல் பட்டையுள்ள ‘பி’ வகை ஹைட்ரஜன் சல்ஃபைடையும் பிடிக்கும். காவா இஜெனில் இவ்விரண்டும் வருவதால், ‘ஏபிஇகே’ என்று நான்கு எழுத்துகளும் சேர்ந்த கூட்டு வடிகட்டியே பொருத்தம். பழுப்புப் பட்டை மட்டும் உள்ள ‘ஏ’ வகை பெயின்ட் அடிப்பவர்களுக்கானது, இங்கே பயன்படாது.

பல்டுடிங்கில் முகமூடிகள் வாடகைக்குக் கிடைக்கும், வழிகாட்டிகளும் தருவார்கள். தருகிற முகமூடியை வாங்கிய இடத்திலேயே, வெளிச்சத்தில், பொறுமையாகப் பாருங்கள். ரப்பர் விளிம்பில் வெடிப்பு இருக்கக் கூடாது. மூச்சை வெளிவிடும் மெல்லிய வட்டத் தகடு மடங்கியோ விழுந்தோ போயிருக்கக் கூடாது. பின்னர் முகமூடியை அணிந்து, இரு வடிகட்டிகளையும் உள்ளங்கைகளால் அழுத்தி மூடிக்கொண்டு மூச்சை உள்ளிழுங்கள். முகமூடி கன்னத்தோடு ஒட்டி உள்ளுக்குச் சுருங்கி, அப்படியே சில நொடிகள் நின்றால் கசிவில்லை என்று பொருள். மூக்கின் பக்கவாட்டில் சில்லென்று காற்று நுழைவது தெரிந்தால் பட்டைகளை இறுக்கி மறுபடி சோதிக்க வேண்டும். தாடி வைத்திருப்பவருக்கு எந்த முகமூடியும் முழுதாகப் பொருந்தாது. நாலைந்து நாள் முள்தாடியே போதும், வாயு உள்ளே வர வழி கிடைத்துவிடும். ஆகவே முந்தைய நாள் மாலையில் மழித்துக்கொள்வது நல்லது.

வடிகட்டிக்கு ஆயுள் உண்டு. உறை பிரித்தபின் அது காற்றிலுள்ள ஈரத்தையும் வாயுவையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பல நாள் பலர் அணிந்த வாடகை வடிகட்டி, பார்ப்பதற்கு நன்றாக இருந்தும், உள்ளே செத்துப்போயிருக்கலாம். இயலுமானால் உறை பிரிக்காத ஒரு சோடி வடிகட்டியை ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். முகமூடி அணிந்திருக்கும்போதே நாக்கில் புளிப்பும் தொண்டையில் காந்தலும் தெரிந்தால், வடிகட்டி தீர்ந்துவிட்டது அல்லது கசிகிறது. உடனே மேலே ஏற வேண்டும். நாற்றம் இல்லாதது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும்.

கண்ணுக்கு நாற்புறமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி உதவும். கான்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்கக் கூடாது. நனைத்த துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். கந்தக டை ஆக்சைடு நீரில் கரைவதால் அது ஓரளவு தடுக்கும் என்றாலும், அது அவசரத்துக்குத்தான், முகமூடிக்கு மாற்று அன்று.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். உலர்காலத்தில் விடியலுக்கு முன் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும். ஏறும்போது வியர்க்கும், நின்றால் நடுக்கும். எனவே ஒரே தடித்த உடையைவிட, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மூன்று உடைகளே வசதி. காலணியின் அடிப்பாகம் நன்கு பற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கும், அதற்கு மாற்று பேட்டரியும், ஒன்றரை லிட்டர் தண்ணீரும், கொறிக்க ஏதாவதும் போதும். வெள்ளி நகைகளை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அவற்றைக் கறுக்கச் செய்துவிடும்.

ஏற்றமும் நேரக் கணக்கும்

வாயிற்கதவு வழக்கமாக அதிகாலை இரண்டு மணியளவில் திறக்கப்படுகிறது. காலத்துக்கேற்ப இது மாறும். பன்யுவாங்கியில் சூரியன் ஐந்து, ஐந்தரைக்குள் எழுந்துவிடும். நான்கரை மணிக்கெல்லாம் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். நீல நெருப்பு இருட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இரண்டு மணிக்குக் கிளம்பி மூன்றரைக்கு விளிம்பை அடைந்து, உள்ளே இறங்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால், பார்ப்பதற்கு எஞ்சுவது மிகக் குறுகிய நேரமே. எனவே நீல நெருப்பைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர் கதவு திறக்கும்போதே வரிசையில் நிற்க வேண்டும். அதைப் பொருட்படுத்தாதவர் நான்கு மணிக்கு ஏறத் தொடங்கினாலும் நேரம் போதும். அவருக்குப் பாதையிலும் நெரிசல் இராது.

முதல் இரண்டு கிலோமீட்டர்தான் செங்குத்து. நொறுங்கிய எரிமலை மணல் காலடியில் சறுக்குவதால், அடிகளைச் சிறிதாக வைத்து, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். இருபுறமும் சவுக்கு இனத்தைச் சேர்ந்த மலைமரங்கள் நிற்கும். காற்று அவற்றில் நுழையும் ஓசையைக் கொண்டே காற்றின் வலிமையைக் கணிக்கலாம். வழியில் பொண்டோக் பூண்டர் என்னும் பழைய வட்ட வடிவக் கட்டடம் வரும். சுரங்கத் தொழிலாளர்கள் கந்தகத்தை எடைபோட நிறுத்தும் இடம் அது. அதைத் தாண்டினால் பாதை பெரிதும் சமதளமாகி மலையின் விலாவைச் சுற்றிச் செல்லும்.

ஏற இயலாதவர்களைச் சிறு சக்கர வண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்லத் தொழிலாளர்கள் முன்வருவார்கள். ‘டாக்ஸி, டாக்ஸி’ என்ற குரல் வழியெல்லாம் கேட்கும். மனிதரை மனிதர் இழுப்பதா என்று சிலர் கூசுகிறார்கள். கந்தகம் சுமப்பதைவிட இதில் உடல் நோவு குறைவு, வருமானமும் பரவாயில்லை என்பதால், தேவைப்படுபவர் தயங்காமல் ஏறலாம் என்பது என் எண்ணம். கூலியை ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்துக்கு ஒரு கூலி, இறக்கத்துக்கு வேறு.

வாயினுள் இறங்குதல்

விளிம்பில் நின்றதும் முதலில் பார்க்க வேண்டியது புகையின் போக்கு. அது ஏரியின் பக்கமாகச் சாய்ந்தால் இறங்கலாம். நீங்கள் இறங்கவேண்டிய கற்பாதையின் மேலேயே படர்ந்தால் காத்திருங்கள், மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடனிருப்பது இந்த இடத்தில்தான் பயன்படும்: புகை எந்த மூலையில் தேங்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். இறங்குவது தடை செய்யப்பட்டிருந்தால், காசு வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறேன் என்பவர் பின்னால் போகக் கூடாது.

இறங்கும் பாதை குறுகலானது. ஒழுங்கற்ற கற்களால் ஆனது. அடியிலிருந்து தொழிலாளர்கள் கந்தகத்தோடு ஏறி வருவார்கள். மூங்கில் காவடியின் இரு முனைகளிலும் தொங்கும் கூடைகளில் 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். நடை தாளம் தவறினால் கூடைகள் ஆடத் தொடங்கி அவர்களைச் சாய்த்துவிடும் என்பதால், அவர்களை நிற்கவைக்கும்படி நேரக் கூடாது. மூங்கில் முனகும் ‘கிரீச்’ ஒலி கேட்டவுடனே ஒதுங்குங்கள். ஒதுங்குவது எப்போதும் பாறைச் சுவரின் பக்கமாக இருக்கட்டும், பள்ளத்தின் பக்கமாக அல்ல. விளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்துங்கள். இல்லையேல் அவர்கள் கண் கூசும். படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அடித்தளத்தில், வாயு வெளிவரும் நிலப்பிளவுகளின் மேல் தொழிலாளர்கள் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். குழாய்க்குள் குளிர்ந்த கந்தகம் செந்நிறத் திரவமாகச் சொட்டி, தரையில் ஆற ஆற மஞ்சளாக இறுகுகிறது. அதைக் கடப்பாரையால் உடைத்துக் கூடையில் அடுக்குகிறார்கள். நீல நெருப்பு என்பதும் இந்த வாயுவின் வேலைதான். சில பிளவுகளில் 600 டிகிரி வரை சூடாக வெளிவரும் கந்தக வாயு காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. சில சமயம் திரவக் கந்தகமே எரிந்தபடி சரிவில் ஓடுகிறது. அது எரிகுழம்பு அன்று. இணையத்தில் காணும் நீல அருவிகள் பல, காமிராவின் திறப்பை நெடுநேரம் வைத்து எடுத்தவை. நேரில் காண்பது, புகை விலகும்போது தோன்றி மறையும் ஊதா கலந்த நாக்குகள். சில இரவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் எழும், சில இரவுகளில் அடுப்புத் தீயளவே இருக்கும்.

காற்று திசை மாறினால் புகை சில நொடிகளில் உங்களைச் சூழ்ந்துவிடும். நெற்றிவிளக்கின் ஒளி வெள்ளைச் சுவரில் பட்டதுபோலத் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். உங்கள் காலே உங்களுக்குத் தெரியாது. அப்போது ஓடக் கூடாது. இங்கு விழுபவர்களில் பலர் ஓடியவர்களே. அருகிலுள்ள பாறையைப் பிடித்துக்கொண்டு, புகைக்கு முதுகைக் காட்டி, கண்களை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். முகமூடி சரியாக இருந்தால் அந்த ஒரு நிமிடம் கடந்துவிடும். புகை சற்று மெலிந்ததும் காற்றுக்குக் குறுக்காக, மேல்நோக்கி நகருங்கள். பள்ளத்தில் குந்தி உட்கார வேண்டாம். கந்தக டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, குளிர்ந்தபின் பள்ளங்களில்தான் தேங்கும். உள்ளே செலவிடும் நேரத்தை அரை மணிக்குள் நிறுத்திக்கொள்வது நலம்.

ஏரிக்கரைக்குப் போய்க் கை நனைக்க எவரும் ஆசைப்பட வேண்டாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த நீர்நிலை, உலகின் மிகப் பெரிய கடும் அமில ஏரி. அதில் கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்துள்ளன. பிஎச் அளவு 0.5-க்கும் கீழே இறங்குவதுண்டு.

விடியலும் இறக்கமும்

வெளிச்சம் பரவும்போது விளிம்புக்குத் திரும்பியிருங்கள். ஏரியின் பால் கலந்த பச்சை நீலம் முழுதாகத் தெரிவது சூரியன் சற்று மேலேறிய பிறகுதான். ஆகவே உதயத்தைப் படமெடுத்த கையோடு கூட்டம் கலைந்து இறங்கும்போது, அரை மணி நேரம் கூடுதலாக நிற்பவருக்கே நல்ல காட்சி கிடைக்கும். விளிம்பின் மண் உளுத்தது, காலுக்கடியில் பொடியும். 2024 ஏப்ரலில் இங்கே படத்துக்காக நின்ற ஒரு சுற்றுலாப் பயணி பின்புறமாக விழுந்து உயிரிழந்தார். பின்னோக்கி ஓரடியும் வைக்கக் கூடாது. வேலி உள்ள இடத்தில் வேலிக்கு உட்புறமே நிற்க வேண்டும்.

இறங்கும்போது முட்டிக்குத்தான் வேலை அதிகம். மணலில் குதிகாலை ஊன்றி, சற்று முன்சாய்ந்து நடந்தால் சறுக்கல் குறையும். வழியில் தொழிலாளர்கள் உருக்கிய கந்தகத்தை அச்சில் ஊற்றிச் செய்த ஆமைகளையும் பூக்களையும் விற்பார்கள். கந்தகம் எரியும் பொருள் என்பதால் அது விமானப் பைகளுக்கு உகந்ததன்று. அவர்களுக்கு உதவ நினைப்பவர் விலையைக் கொடுத்துவிட்டு, பொம்மையை அங்கேயே விட்டு வரலாம்.

அறைக்கு வந்ததும் கண்களையும் முகத்தையும் நிறைய நீரால் கழுவுங்கள். அணிந்த உடைகளைத் தனியே அலசுங்கள், பெட்டியில் மற்றவற்றோடு திணித்தால் எல்லாம் நாறும். காமிரா, கைப்பேசி ஆகியவற்றின் உலோகப் பகுதிகளை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். தொண்டைக் கரகரப்பு பொதுவாக ஓரிரு நாளில் போய்விடும். சில மணி நேரம் கழித்து இருமல் கூடினாலோ, நெஞ்சு இறுகினாலோ, படுக்கும்போது மூச்சு முட்டினாலோ, அன்றே பன்யுவாங்கியில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நுரையீரலில் வாயு செய்த சேதம் தாமதித்தும் வெளிப்படும் என்பதால், படகேறும் திட்டத்தை அதற்காக மறுநாளுக்குத் தள்ளிவைக்கத் தயங்கக் கூடாது.